குழி தோண்டியவன் எங்கே?

நிலத்தை அகழ்ந்து பொருள் கொண்டவன் அந்நிலத்தைச் செப்பனிட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவன். சட்டப் புத்தகத்தைத் திறவாமலே எமது கமக்காரர் அறிந்த நீதி இது. ஆனால், தோண்டியவன் மறைந்துபோனால் அக்கடமை யாரைச் சாரும்?

அமெரிக்கா இக்கேள்விக்கு 1977 இல் விடை தேடியது. அகழப்படும் நிலக்கரியின் ஒவ்வொரு தொன்னுக்கும் கட்டணம் அறவிட்டு, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீராக்க நிதியம் அமைத்தது. 2021 இல் மேலும் 1,130 கோடி டொலர் ஒதுக்கியது. எனினும் பணத்தினால் மட்டும் காரியம் முடியவில்லை. பென்சில்வேனியாவின் பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்பு கலந்த அமில நீரால் ஓடைகள் செம்மஞ்சளாயின. ஊர்ச் சங்கங்கள் குளம் வெட்டி, சுண்ணக்கல் பரப்பி, அந்நீரைத் தெளிவாக்க முன்வந்தன. குறுக்கே நின்றது எது? சட்டமேயாகும்! மாசு நீரில் கை வைத்தவர் மீதே 1972 ஆம் ஆண்டு நீர்த் தூய்மைச் சட்டத்தின் பொறுப்பு விழும் என்னும் அச்சம் நல்லோரைத் தடுத்தது.

பென்சில்வேனியா 1999 இல் தன்னார்வலரைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஆயினும் மாநிலச் சட்டம் மத்திய சட்டத்தை வெல்லுமோ? 2024 டிசம்பரிலேதான் மத்திய அரசு இணங்கியது. அதுவும் உலோகச் சுரங்கங்களுக்கு மாத்திரம். பரீட்சார்த்தமாகப் பதினைந்து அனுமதிகளுக்கு மேற்படாமல். நிலக்கரிச் சுரங்கங்கள் அதில் அடங்கா.

“இது குற்றவாளிக் கம்பனிகள் ஒளிந்துகொள்ளும் புகலிடமாகும்” என்பர் சிலர். அவ்வச்சம் வீணானதன்று. 2015 இல் கொலறாடோவின் கோல்ட் கிங் சுரங்கத்தில், அரசாங்கத்தின் சுற்றாடல் நிறுவனம் மேற்கொண்ட வேலையின்போதே முப்பது இலட்சம் கலன் நச்சுநீர் ஆற்றிலே பாய்ந்தது. ஆகவே மேற்பார்வை வேண்டும். மாசுபடுத்தியவனுக்குப் பாதுகாப்பு மறுக்கப்படவும் வேண்டும். ஆனால், குற்றமற்ற ஊரவனையும் குற்றவாளியையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகுமா?

இனி எமது மண்ணைப் பார்ப்போம். 1950 இல் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றது. சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் நிற்கவில்லை; வாய் பிளந்து கிடக்கின்றன. வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்கு மழைநீரைச் சேமித்துத் தருவது அச்சுண்ணக்கல்லே. அதனை அளவின்றி அகழ்ந்தால், உவர்நீர் எமது கிணறுகளை நெருங்கும்.

அமெரிக்காவிலே பல குழிகளுக்கு உடைமையாளன் இல்லை. இங்கோ தோண்டியது அரச கூட்டுத்தாபனம்! தோண்டியவன் ஓடவில்லை, கொழும்பிலே கொலுவிருக்கின்றான். எனவே, செலவை அரசு ஏற்கவேண்டும். திட்டமிடுவதிலும் மேற்பார்வையிலும் பிரதேச சபைகளும் கமக்காரர் சங்கங்களும் சட்டபூர்வமான பங்காளிகளாக வேண்டும். நல்லெண்ணத்துடன் உழைப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இம்மூன்றும் ஒரே சட்டத்தில் எழுதப்படல் வேண்டும்.

சட்டம் அறிந்தோர் நகலை வரையுங்கள். நிலம் அறிந்தோர் அதனைத் திருத்துங்கள். எமது பிரதிநிதிகள் அதனைப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். வைக்க மறுப்பவர், அடுத்த தேர்தலில் எம் வாசலுக்கு வரும்போது, அக்குழிகளின் கரையிலே நின்று காரணம் சொல்லட்டும்.