பூட்டுக்காரனுக்கு வேலை போகுமா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க இப்பவே கேட்டுடுங்க. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தினமும் என்கூட வர்ற இன்ஜினியரிங் நண்பன் போன வாரம் அதைத்தான் கேட்டான். அவன் கட்சி இதுதான்: இனிமே ஏஐ தப்பே இல்லாம புரோகிராம் எழுதும், ஓட்டையே இருக்காது, அதனால செக்யூரிட்டி படிக்கிறவன் எல்லாம் வேற பொழப்பு பாத்துக்கலாம். மீஞ்சூர்ல ஏறினவன், அத்திப்பட்டு வர்றதுக்குள்ள தீர்ப்பே சொல்லிட்டான்! அங்கயே எனக்கு பதில் வரல (வழக்கம்போல). வீட்டுக்கு வந்து யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

2018 பிப்ரவரி. கும்பகோணத்தைத் தலைமையிடமா கொண்ட சிட்டி யூனியன் வங்கி. வங்கி அனுப்பாத மூணு பணப் பரிமாற்றம் ஸ்விஃப்ட் வழியா வெளிநாட்டுக்குக் கிளம்பியிருந்தது. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரைத் தடுத்துட்டாங்க. மத்த ரெண்டும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போச்சு. விஷயம் எப்படித் தெரிஞ்சது? வழக்கமா கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான். பிளஸ் ஒன்ல தூங்கி வழிஞ்சுகிட்டே படிச்சோமே, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், அதோட அண்ணன்னு வச்சுக்குங்க.

2016-ல வங்கதேச மத்திய வங்கியில 8.1 கோடி டாலர் போனதும் இதே ஸ்விஃப்ட் வழியாதான். பரிமாற்றத்தை அச்சடிக்கிற பிரிண்டரையே திருடங்க முடக்கி வச்சிருந்தாங்க. இலங்கைக்கு அனுப்பின 2 கோடி டாலர் மட்டும் சிக்கினதுக்குக் காரணம், பேர்ல இருந்த ஒரு எழுத்துப்பிழை!

இதுல புரோகிராம் தப்பு எழுதினவனை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது? சரியான சாவியோட வர்றவனுக்குக் கதவு திறந்துதான் ஆகணும், அதுக்குத்தான் கதவே. சாவி யார் கையில இருக்குன்னு கதவுக்கு எப்படித் தெரியும்? ஓட்டையில்லாத கதவா இருந்தா திருடனுக்கும் ஓட்டையில்லாம திறக்கும். அதோட ஏஐ என்ன நல்லவங்களுக்கு மட்டுமா கிடைக்குது?

சில வேலை போகும், ஒத்துக்கறேன். ஒரு காலத்துல ஆன்டிவைரஸ் சிடி வாங்கிப் போடறதே ஒரு வேலையா இருந்தது. இப்ப அது விண்டோஸ்லயே வந்துடுது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. காட்டுப்பள்ளிக்குப் போற கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்னா நம்ம பஸ் என்ன பாடுபடும்னு தெரியும்ல? 2017 ஜூன்ல மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல மெர்ஸ்க் குழுமத்தோட முனையம் ஒண்ணு வைரஸால முடங்கிச்சு. உலகம் முழுக்க அந்த நிறுவனம் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் மறுபடி ஏத்த வேண்டியிருந்ததுன்னு அதோட தலைவரே சொன்னார். வைரஸ் முதல்ல பரவினது எது வழியா தெரியுமா? உக்ரைன்ல வரிக்கணக்கு போடற ஒரு சாஃப்ட்வேரோட அப்டேட் வழியா. ஆமாங்க, நம்ம டிபார்ட்மென்ட்தான். நம்பி அப்டேட் போட்டவன் பண்ணின தப்பு என்ன?

இரட்டைப் பதிவு முறையை பாசியோலி 1494-லயே அச்சுல போட்டுட்டார். கணக்கு ரெண்டு பக்கமும் டேலி ஆயிடுதே, அப்புறம் எதுக்கு ஆடிட்டர்னு யாராவது கேட்டாங்களா? 2009 சத்யம் விவகாரத்துலயும் கணக்கு டேலி ஆகித்தான் இருந்தது.

கடைசியா நண்பனுக்கு: உன் ஏடிஎம் பின் நம்பர் உன் பைக் நம்பர்தான்னு பக்கத்து சீட்டுல உக்காந்து வர்ற எனக்கே தெரியும். இதைப் படிச்ச உடனே மாத்துடா.