பந்தாடும் பெண்ணுக்கும் வேலை கொடுங்க!

ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்சில் ஏறினால் சென்னையின் எஃப்.சி. பற்றித்தான் பேச்சு. '2015லயும் 2018லயும் ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயிச்ச டீமாச்சே! கோல் போட எந்த நாட்டுக்காரனை எடுக்கலாம், யாரைக் கழற்றி விடலாம்?' என்று மாப்பிள்ளை பார்ப்பது போல அலசுகிறார்கள். பேசட்டும், தப்பில்லை.

ஆனால், தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில் 2018லும் 2023லும் தமிழ்நாடு சாம்பியன் ஆனதும், 2019ல் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்ததும் இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் காலத்தில் சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்றவை ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து டீம் நடத்தின. மாசச் சம்பளம் வந்தால் வீட்டில் யார் தடுப்பார்கள்? இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதிக்கும் தமிழக போலீசில் வேலை கிடைத்ததே!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்தவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். கம்பெனிக்கு ஒரு பெண்கள் டீம், ஆடுகிறவர்களுக்கு நிரந்தர வேலை என்று வந்தால், 'பந்து சோறு போடுமா?' என்று கேட்கும் அப்பாக்களுக்கும் பதில் கிடைக்கும். முதலாளிகளே, கொஞ்சம் யோசிப்பீர்களா?

— ஒரு வாசகி, ஒரகடம்.