மலிவான நகரமா, மலிவாக்கப்பட்ட மனிதர்களா?

"பாங்காக்கைப் போல மலிவான நகரம் உலகில் உண்டா?" என்று பறையடிக்கிறார்கள் சுற்றுலா வியாபாரிகள். முதுகில் ஒரு மூட்டை, கையில் சொற்பக் காசு, மூன்று நாள் அவகாசம் - இவ்வளவு இருந்தால் போதுமாம்! ஐரோப்பாவிலிருந்து வாலிப ஜோடிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். தங்குகிறார்கள், தின்கிறார்கள், சுற்றுகிறார்கள், நாலாம் நாள் தீவுகளுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். "என்ன மலிவு! என்ன சிரித்த முகம்!" என்பதுதான் அவர்கள் வாங்கிச் செல்லும் சேதி.

அந்த ஜோடிகள் மீது நமக்குக் கோபம் இல்லை. அவர்களில் பலர் வருஷம் பூராவும் உழைத்துச் சேர்த்த காசில் ஊர் பார்க்க வந்தவர்கள். உலகைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமல்ல. நமது கேள்வி வேறு. இந்த மலிவுக்கு விலை கொடுப்பவர் யார்?

மூன்று நாட்களையும் அவர்களுடனேயே நடந்து பார்ப்போம்.

முதல் நாள்: காவ் சான் சாலை

ஜோடி இறங்குமிடம் காவ் சான் சாலை. 'தீட்டிய அரிசி' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு. 1980களிலிருந்து அது மூட்டை தூக்கிய பிரயாணிகளின் தெரு. இரவு பூராவும் விளக்கு, பாட்டு, மது.

அங்கிருந்து சில நிமிஷம் நடந்தால் ராச்சதம்னோன் சாலையின் முனையில் ஒரு ஞாபகச் சின்னம் நிற்கிறது. 1973 அக்டோபர் 14ல் அரசியல் சட்டம் கேட்டு லட்சக்கணக்கில் வீதிக்கு வந்த மாணவர்களையும் ஜனங்களையும் ராணுவம் சுட்டது. 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் சர்வாதிகாரி தனோம் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று! இன்னும் சற்று நடந்தால் தம்மசாத் பல்கலைக்கழகம். 1976 அக்டோபர் 6ல் அதே தனோம் திரும்பி வந்ததை எதிர்த்துக் கூடிய மாணவர்களை அங்கே போலீசும் வலதுசாரிக் கும்பல்களும் சுட்டும் அடித்தும் கொன்றன. உயிர் தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் காடு புகுந்து கம்யூனிஸ்ட் கட்சியுடன் சேர்ந்தனர்.

மதுக்கடைக்கு வழிகாட்டும் பலகைகள் ஏராளம். இந்தச் சின்னத்துக்கு வழிகாட்டுவோர் எத்தனை பேர்?

இந்தத் தொழில் யார் பெற்ற பிள்ளை?

சுற்றுலாத் தொழில் தானாக முளைத்த செடியல்ல. ராணுவ சர்வாதிகாரி சாரித் தனரத்தின் ஆட்சியில், 1960ல்தான் அரசின் சுற்றுலா ஸ்தாபனம் பிறந்தது. வியட்நாம் யுத்தம் அதற்கு உரம் போட்டது. ஊடோன், கோராட், ஊ-தபாவ் தளங்களிலிருந்து அமெரிக்க விமானங்கள் வியட்நாம், லாவோஸ் மக்கள் மீது குண்டு பொழிந்தன. 1960களின் இறுதியில் சுமார் 50,000 அமெரிக்கத் துருப்புகள் தாய்லாந்தில் இருந்தன. வியட்நாமில் சண்டையிட்ட சிப்பாய்கள் 'ஓய்வு' எடுக்க வர, 1967ல் ஒப்பந்தமே செய்துகொண்டார்கள். ஹோட்டல்களும் மதுக்கூடங்களும் பெருகின. வறண்ட ஈசான் பிரதேசத்து விவசாயிகளின் பெண்மக்கள் அந்தக் கூடங்களுக்கு இழுக்கப்பட்டார்கள்.

1976ல் தளங்கள் மூடப்பட்டன. கூடங்கள் மூடப்படவில்லை. சிப்பாய் போனான், சுற்றுலாப் பயணி வந்தான். முதலாளி மட்டும் மாறவே இல்லை!

இரண்டாம் நாள்: சந்தை

மறுநாள் ஜோடி சட்டுசாக் வாரச் சந்தைக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான கடைகள், பேரம் பேசிச் சட்டை வாங்கலாம். அதே வட்டாரத்தில்தான் 2025 மார்ச் 28ல் ஒரு கோரம் நடந்தது. பர்மாவில் ஏற்பட்ட பூகம்பத்தின் அதிர்வில் பாங்காக்கின் வானளாவிய கட்டடங்கள் ஆடின, ஆனால் நின்றன. ஒன்று மட்டும் நொறுங்கி விழுந்தது. சர்க்காரின் தணிக்கை அலுவலகத்துக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கட்டடம் அது! கணக்கில் ஊழல் பிடிக்க வேண்டிய அலுவலகம்! 80க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் மாண்டார்கள். அவர்களில் பலர் பர்மாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இந்தப் பர்மியத் தொழிலாளிகளே நகரத்தைக் கட்டுகிறார்கள். சமையற்கட்டில் பாத்திரம் துலக்குகிறார்கள், விடுதியில் படுக்கை விரிக்கிறார்கள். ஆனால் 1975ஆம் வருஷத் தொழில் உறவுச் சட்டப்படி தொழிற்சங்கம் அமைக்கவோ, அதன் நிர்வாகியாகவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. அந்த உரிமை தாய்லாந்துப் பிரஜைகளுக்கு மட்டுமே. உழைக்கலாம், சாகலாம், சங்கம் வைக்கக் கூடாது!

மூன்றாம் நாள்: காஞ்சனபுரி

காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பிரயாணம். குவாய் ஆற்றுப் பாலத்தின் மீது நின்று படம் எடுக்கிறார்கள். 1942-43ல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை இது. யுத்தக் கைதிகளாகச் செத்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு அங்கே வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அது நியாயமே. ஆனால் ஆசியத் தொழிலாளிகள் சுமார் 90,000 பேர் மாண்டதாக மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை எங்கே? 80 வருஷம் கழித்து, 2023ல்தான் தமிழர்களுக்கென ஒரு நடுகல் அங்கே எழுந்தது!

மனிதனை மலிவாக்குவது இன்று நேற்று வந்த வித்தையல்ல.

400 பாட்டின் கணக்கு

இனி மலிவின் ரகசியத்துக்கு வருவோம். பாங்காக்கில் குறைந்தபட்ச தினக்கூலி, 2025 ஜூலை 1 முதல், 400 பாட். ஜோடி ஓரிரவு தங்கும் சாதாரண அறையின் வாடகையும் ஏறத்தாழ அவ்வளவே. அதாவது அந்த அறையைப் பெருக்கித் துடைக்கும் பெண், நாள் பூரா உழைத்தால் அதே அறையில் ஓரிரவு தூங்கலாம், சாப்பிடாமல்! 2027க்குள் 600 பாட் தருவோம் என்று 2023 தேர்தலில் பூ தாய் கட்சி முழங்கியது. 400ஐ எட்டவே இரண்டு வருஷம் பிடித்தது. முதலாளிகள் அதற்கும் முட்டுக்கட்டை போட்டார்கள்.

"கூலியை உயர்த்தினால் விலை உயரும், பயணி வேறு நாட்டுக்குப் போய்விடுவான், தொழிலாளிக்குத்தான் நஷ்டம்" என்று கண்ணீர் வடிக்கிறார்கள் கனவான்கள். அப்படியா? 2019ல் கிட்டத்தட்ட 4 கோடிப் பயணிகள் வந்தார்கள். அந்த லாபத்தைத் தொழிலாளியுடன் பங்கு போட்டீர்களா? 2020ல் கொரோனா வந்தது. அந்த வருஷம் வந்தவர்கள் 67 லட்சம் பேர்தான். உடனே வேலையிழந்து வீட்டுக்குப் போனவன் யார்? லாபம் வந்தால் உனக்கு, நஷ்டம் வந்தால் அவனுக்கு. இதுதானே உங்கள் தர்மம்!

நடைபாதையில் நூடுல்ஸ் விற்பவளையாவது விட்டார்களா? அவளைக் காட்டித்தான் பயணியை அழைக்கிறார்கள். ஆனால் 2018ல் காவ் சான் நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்த நகராட்சி கிளம்பியது; அவர்கள் எதிர்த்து நின்றார்கள். அதே வருஷம், மகாகான் கோட்டையருகே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏழைகளின் மரவீடுகளை இடித்துப் பூங்கா போட்டார்கள். கால் நூற்றாண்டு போராடிய ஜனங்கள் அவர்கள். நகரத்துக்கு அழகு வேண்டுமாம்; அதை வாழவைத்த மனிதர் வேண்டாமாம்!

பிரயாணி வரட்டும், ஊர் பார்க்கட்டும். ஆனால் அவனுக்குப் படுக்கை விரிப்பவளுக்கும் குடும்பத்தோடு வாழக் கூலி வேண்டும். கடை போடுபவளுக்கு இடம் வேண்டும். பர்மியத் தொழிலாளிக்கும் தாய்லாந்துத் தொழிலாளிக்கும் ஒரே சங்கம், ஒரே உரிமை வேண்டும். ஒருவனைக் காட்டி மற்றவன் கூலியைக் குறைக்கும் தந்திரம் அன்றுதான் முறியும்.

சர்வாதிகாரியை ஓட வைத்த வீதி அது. முதலாளியின் கணக்கையும் ஒருநாள் அதே வீதி திருத்தும்!