மேய்ந்தது யார் குதிரை? நஷ்டம் யார் தலையில்?



மேற்கே மலையில் சாரல் விழுந்தால் குற்றாலத்தில் சீசன். அதே சாரல் தண்ணீர் சிற்றாற்றில் இறங்கினால் நமக்குக் கார் சாகுபடி. மழை ஒன்றுதான், பிழைப்புதான் இரண்டு. அருவியில் குளிக்க வருகிறவர்களை நம்பி ஆயிரம் குடும்பம் வாழட்டும், நமக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அவர்கள் பிழைப்புக்காக நம்ம வயலை அழிச்சா, அந்தக் கணக்கை யார் தீர்ப்பது? இந்தப் பிரசுரத்தில் அதைத்தான் கேட்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஏக்கர் நடவுக்காக எட்டு சென்டில் நாற்றங்கால் பாவியிருந்தேன். பதினெட்டாம் நாள், பச்சைக் கம்பளம் மாதிரி நின்றது. விடியக்காலம் தண்ணி பார்க்கப் போனால் நாற்றங்காலுக்குள் இரண்டு குதிரை நிற்கிறது! சீசனுக்கு வருகிற பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற குதிரைகள். பகல் முழுக்க உழைப்பு, ராத்திரி புல்லுக் காசு மிச்சம் பிடிக்க அவிழ்த்து விடுவது. தின்றது கால்வாசி என்றால் மிதித்தது முக்கால்வாசி. குளம்பு பதிஞ்ச இடமெல்லாம் நாற்று சேற்றோடு உள்ளே போய்விட்டது.

குதிரைக்காரத் தம்பி ஓடி வந்தான். "அண்ணாச்சி, வாயில்லா ஜீவன், அது என்ன தெரிஞ்சா செஞ்சுது?" என்றான். "வாய் இல்லைன்னு எவம்ல சொன்னான்? வாய் இருந்ததாலதான என் நாத்து போச்சு!" என்றேன். இருநூறு ரூபாயை நீட்டினான். வாங்கவில்லை. ஒரு அலுவலகத்துக்குப் போனேன், "இது எங்க வேலை இல்லை" என்றார்கள். இன்னொரு இடத்தில், "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். எட்டு சென்ட் நாற்றங்காலுக்கு எந்த வக்கீல் வருவார்?

இருநூறு ரூபாய் ஏன் போதாது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாற்று போனால் விதை நெல் விலை மட்டும் போகவில்லை. திரும்பப் பாவினால் மூன்று வாரத்துக்கு மேல் பிந்தும். தண்ணீர் முறை தப்பும். அறுவடை ஐப்பசி மழையில் போய் மாட்டும். பக்கத்து வயல்காரர்களிடம் மீதி நாற்றைக் கெஞ்சி வாங்கி அரை ஏக்கர்தான் நட்டேன். அரை ஏக்கர் தரிசு. எட்டு சென்டில் மேய்ந்த குதிரை தின்றது எட்டு சென்ட் இல்லை, அரை ஏக்கர் விளைச்சல். புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி பற்றிப் புத்தி சொல்லும்போது, யானை வயலுக்குள் புகுந்தால் வாய் தின்பதைவிடக் கால் கெடுப்பது அதிகம் என்றுதான் எடுத்துச் சொன்னார். சேதம் மதிப்பிட வருகிற அதிகாரிகள் இன்னும் வாயை மட்டும் பார்க்கிறார்கள், காலைப் பார்க்கிறதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே 1871-ல் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம். அதில் "கால்நடை" என்றால் ஆடு மாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, ஒட்டகம், யானை வரைக்கும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறான். பயிர் செய்கிறவன் தன் நிலத்தில் அத்துமீறிச் சேதம் செய்கிற விலங்கைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் ஒப்படைக்கலாம். நம்ம பெரியவர்கள் கொண்டித்தொழு என்று சொன்னதுதான் அந்தப் பவுண்டு. உரிமையாளர் தண்டமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க வேண்டும். அன்றைய பட்டியலில் குதிரைக்கு நாலணா, யானைக்கு இரண்டு ரூபாய்.

ஆனால் இந்தச் சட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒரு ஓரவஞ்சனை தெரியும். தவறாக மாட்டைப் பிடித்துவிட்டார்கள் என்று மாட்டுக்காரர் 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நேரே போய்ப் புகார் செய்யலாம், அங்கேயே அவருக்கு நஷ்ட ஈடு கிடைக்க வழி எழுதியிருக்கிறது. பயிர் போன விவசாயிக்கு? 29-ஆம் பிரிவு சொல்வது, தகுதியுள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கத் தடை இல்லை என்று. அவ்வளவுதான்! மாட்டுக்காரருக்குக் குறுக்கு வழி, வயல்காரனுக்குச் சுற்று வழி. கட்டுகிற தண்டமும் நம்ம கைக்கு வராது.

பிடித்த விலங்கை ஒப்படைக்கவும் பவுண்டு வேண்டும். எங்க ஊரில் பவுண்டு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் வயசானவர்கள்தான் காட்ட முடியும். தொழு இல்லாத ஊரில் பிடித்த குதிரையை எங்கே கொண்டு கட்ட? நம்ம வீட்டு முற்றத்திலா?

"வேலி போட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு காலத்தில் மாடு அவிழ்ந்து திரியலாம், பயிர்க்காரன்தான் வேலி போட்டுக் காக்க வேண்டும் என்று வழக்கம் இருந்தது. மாட்டுப் பண்ணை முதலாளிகள் கை ஓங்கிய இடம் அது. 1874-ல் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அங்கே சின்ன விவசாயி மூச்சு விட்டான். நம்ம நாட்டில் எழுதிய சட்டம் அப்படி இல்லை. விலங்கை வைத்திருக்கிறவன் அதைக் கட்டிக் காக்க வேண்டும், வயல்காரன் வரப்பு போட்டால் போதும் என்பதுதான் இதன் அடிப்படை. வேலி போடவில்லை என்பது நம்ம குற்றம் ஆகாது.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு. டெவன் பகுதியில் 1996-ல் மேய்ச்சல் நிலத்தில் இருந்த குதிரைகள் எதையோ கண்டு மிரண்டு, வேலியெல்லாம் உடைத்து நெடுஞ்சாலைக்கு ஓடின. ஒரு கார் மோதி, ஓட்டியவருக்குப் பலத்த காயம். குதிரைக்காரர்கள் வேலியெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள், அவர்கள் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று நீதிமன்றமே சொன்னது. அப்படியும் 2003-ல் அந்த நாட்டின் உச்ச அமைப்பான பிரபுக்கள் சபை, நஷ்டத்துக்குக் குதிரைக்காரர்களே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. குதிரையால் வருகிற லாபம் யாருக்கோ, ஆபத்தும் அவருக்கே என்பதுதான் நியாயம். வேலி போட்டவனுக்கே அங்கே பொறுப்பு உண்டு என்றால், வேண்டுமென்றே ராத்திரி அவிழ்த்து விடுகிறவனுக்கு?

அப்படி அவிழ்த்து விடுவது நம்ம நாட்டிலும் குற்றம்தான். பயிர் அழியும் என்று தெரிந்தே பிறர் வயலில் கால்நடையை விடுவதை, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 425-ஆம் பிரிவு சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்துக்கு உதாரணமாகவே எழுதியிருந்தது. 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் 324-ஆம் பிரிவு. "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

"குதிரைக்காரனும் ஏழைதானே அண்ணாச்சி" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். உண்மை. மூணு மாசம் சம்பாதிச்சு ஒன்பது மாசம் சாப்பிடுகிறவன். அவனை அடிக்கவோ குதிரையைத் துன்புறுத்தவோ சங்கம் ஒருநாளும் சம்மதிக்காது. ஆனால் ஏழையின் பாரத்தை இன்னொரு ஏழையின் தலையில் இறக்கி வைப்பது இரக்கம் ஆகாது. வாடகைக்கு ஓடுகிற ஆட்டோவுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. வாடகைக்கு ஓடுகிற குதிரைக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை? சீசன் ஆரம்பத்தில் குதிரைக்கு ஒரு எண், ஒரு முன்பணம், ராத்திரி கட்ட ஒரு கொட்டகை. சேதம் இல்லாவிட்டால் சீசன் முடிவில் முன்பணத்தைத் திருப்பிக் கொடு. இதில் குதிரைக்காரனுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

நம்ம முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவடை முடிஞ்சதும் மாட்டை அவிழ்த்து விட்டு, பக்கத்து வயல் உளுந்தை மேய விடுகிறவர்கள் நம்ம சங்கத்திலும் இருக்கிறார்கள். செயலாளர் வீட்டு எருமையாக இருந்தாலும் தண்டம் தண்டம்தான். நம்ம மாட்டுக்கு ஒரு நியாயம், சீசன் குதிரைக்கு ஒரு நியாயம் என்றால் நம்ம பேச்சு எடுபடாது.

இனி பெரிய குதிரைக்கு வருவோம். குதிரைக்காவது சொந்தக்காரன் உண்டு, விரட்டிப் பிடிக்கலாம். மேக்கரை, வடகரை, பண்பொழி முதல் வாசுதேவநல்லூர், சிவகிரி வரை மலையடிவாரத்தில் தென்னையைச் சாய்க்கிற யானைக்கும், கடலையைக் கிண்டுகிற பன்றிக்கும் சொந்தக்காரன் யார்? நம்ம ஆடு காப்புக் காட்டுக்குள் கால் வைத்தால் 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டு விலங்கு செத்துக் கிடந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 39-ஆம் பிரிவுப்படி அது மாநில அரசின் சொத்து. செத்தால் சர்க்கார் சொத்து, உயிரோடு வந்து நம்ம தென்னையைத் தின்றால் மட்டும் யாருக்கும் சொந்தமில்லையா? அப்போது வருவது நஷ்ட ஈடு இல்லையாம், "கருணைத் தொகை"யாம். கருணை கேட்க நாம் பிச்சைக்காரர்களா?

2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு அரசாணை வந்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம் என்று. பன்றி அதிகம் வருகிற இடமே காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டர்தான். யானையைக் கொல்லச் சொல்லவில்லை. அதன் காடு, அதன் பாதை, இருக்கட்டும். ஊர் உலகத்துக்காகக் காட்டைக் காப்பாற்றுவது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தின் செலவை அடிவாரத்துக்காரன் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

இளவரசன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டதற்குத் திருவாரூரில் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தேர் ராஜாவுடையது, ஆகவே பழியும் ராஜாவுடையது என்றான் அவன். அவன் பேரில்தான் அரசாங்கம் "மனுநீதி நாள்" முகாம் நடத்துகிறது. பேரை எடுத்தவர்கள் நீதியையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

அதுவரை நாம் செய்ய வேண்டியது. விலங்கு வயலில் நின்றால் அடிக்காதீர்கள், அடித்தால் குற்றவாளி நாம் ஆவோம். பிடித்துக் கட்டித் தண்ணீரும் தீனியும் வையுங்கள். விலங்கையும் சேதத்தையும் குளம்புத் தடத்தையும் செல்போனில் படம் எடுங்கள். அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். வேளாண்மைத் துறையிடம் சேத மதிப்பீடு கேளுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

1. மூடிக் கிடக்கும் பவுண்டுகளைத் திற! இல்லாத இடத்தில் ஒன்றியத்துக்கு ஒன்றாவது அமை!

2. சீசன் குதிரைகளுக்கு எண், முன்பணம், இரவுக் கொட்டகை கட்டாயமாக்கு!

3. பயிர்ச் சேதத்துக்கு, கோர்ட்டுக்கு அலையாமல் தாலுகா அளவிலேயே 30 நாளில் நஷ்ட ஈடு தீர்மானி! தின்றதோடு மிதித்ததையும் சேர்த்துக் கணக்கிடு!

4. வனவிலங்குச் சேதத்துக்குக் கருணைத் தொகை வேண்டாம், உரிமையான இழப்பீடு கொடு!

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குத் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் அனைவரும் கூடுவோம். சேதப்பட்டவர்கள் மனுவும் படமும் கொண்டு வாருங்கள். சேதப்படாதவர்களும் வாருங்கள். நாளைக்கு அந்தக் குளம்பு உங்கள் நாற்றங்காலிலும் பதியலாம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்