கூடைப்பந்தும் இளைஞர் செல்லும் வழியும்

மாலையில் வகுப்புகள் ஓய்ந்தபின் நம் கல்லூரிக் கூடைப்பந்துக் களத்தைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தை அறியாதார் நம்முள் இலர். இவ்வாண்டு அக்கூட்டத்தினர் கண்கள் பெரும்பாலும் ஒருவன்மீதே சென்றன. மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பமொன்றிலிருந்து வந்த முதலாண்டு மாணவன் அவன். ஆறடி ஐந்தங்குல உயரத்தினன். அவ்வுயரத்தோடு விரைவும் வாய்க்கப்பெற்றவன். சென்ற தைத்திங்களில் வெளியூர்ப் பயிற்சி நிலையமொன்றின் சார்பாக ஒருவர் அவன் வீட்டிற்குச் சென்று, படிப்பை நிறுத்திவிட்டுத் தம்முடன் வந்தால் இரண்டாண்டுகளில் அயல்நாட்டில் சம்பளத்திற்கு ஆடலாம் என்று ஆசை காட்டினார். அவன் தந்தையார் மறுநாளே செங்கற்பட்டு வழியாகப் பேருந்தேறி எம்மிடம் வந்து, "ஐயா, எங்களுக்குக் கடல் தெரியும், இது தெரியாது. பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா? நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

அன்று யாம் அவசரப்பட்டு விடை கூறவில்லை. இக்கேள்வி ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டும் அன்று. விளையாட்டில் சிறந்த மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் விடையிறுக்க வேண்டிய கேள்வி. ஆதலின் எம் சிந்தனையை ஈண்டு எழுத்தில் தருகின்றோம்.

கூடைப்பந்து பிறந்ததே ஒரு கல்விச்சாலையில் என்பதை முதற்கண் நினைவுகூர்தல் நன்று. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் என்பார், பனிக்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுதற்பொருட்டு இவ்வாட்டத்தை வகுத்தார். அக்கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் விளங்கும் அக்கல்லூரி பயிற்றிய ஆசிரியர் வாயிலாகவே இவ்வாட்டம் நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற்குப் பரவிற்று. அன்று எவரும் இதனைப் பிழைப்பிற்கு வழியாக எண்ணினாரல்லர். இன்றோ நிலைமை வேறு. தொழிலாக ஆட விரும்பும் இளைஞன் முன்னே மூன்று வழிகள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாவது, இளம்பருவத்திலேயே வீட்டையும் வழக்கமான பள்ளியையும் விட்டுத் தனிப் பயிற்சி நிலையம் புகும் வழி. பஞ்சாப் சிற்றூரொன்றில் பிறந்த சத்னாம் சிங் லூதியானாவில் பயின்று, 2010இல் பதினான்கு வயதில் உதவித்தொகை பெற்று ஃபுளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. பயிற்சி நிலையம் சென்றார். 2015இல் டல்லாஸ் அணியார் அவரை 52ஆவது ஆட்டக்காரராகத் தெரிந்தெடுத்தனர். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.யின் தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே. நாடு முழுதும் மகிழ்ந்தது. ஆயினும் அச்சங்கத்தின் முதன்மைப் போட்டிகளுள் ஒன்றிலேனும் ஆடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் அவர் மற்போர்க் காட்சித் தொழிலை மேற்கொண்டார். இது அவர்தம் குறையன்று. அச்சங்கத்தில் அணிகள் 30. அணிக்கு 15 பேராகக் கொள்ளின், உலகமனைத்திற்கும் உரிய நிலையான இடங்கள் 450 மட்டுமே. ஆண்டுதோறும் தேர்வில் அழைக்கப்படும் பெயர்களோ ஏறக்குறைய 60. வாயில் அத்துணைக் குறுகியது.

மற்றொரு பஞ்சாபியரான பிரின்ஸ்பால் சிங்கின் வரலாறும் கருதத்தக்கது. 2017இல் கிரேட்டர் நொய்டாவில் தொடங்கப்பெற்ற என்.பி.ஏ. பயிற்சி நிலையத்தில் பயின்ற அவர், 2020இல் அமெரிக்காவில் இளைஞர்க்கெனப் புதிதாய் அமைந்த இக்னைட் என்னும் அணியில் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். கல்லூரிக்குச் செல்லாமலே தொழில்முறை ஆட்டத்திற்கு இளைஞரை ஆயத்தம் செய்வது அவ்வணியின் நோக்கம். ஆயின் 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்டலாம் என்னும் விதி வந்தவுடன், சிறந்த இளைஞர் பலர் கல்லூரிகளையே நாடினர்; 2024இல் இக்னைட் அணி கலைக்கப்பட்டது. புதுவழி நான்கே ஆண்டுகளில் அடைபட்டது. கல்லூரி வழியோ நிலைத்து நின்றது.

இரண்டாவது, ஐரோப்பியர் வழி. அங்குப் பெருஞ்சங்கங்கள் சிறுவரைத் தம் நிழலிலேயே வளர்க்கின்றன. ஸ்லோவீனிய நாட்டு லூக்கா டோன்சிச் பதின்மூன்றாம் வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் சங்கத்தில் சேர்ந்து, 2015இல் பதினாறாம் வயதில் முதியோர் அணியில் ஆடத் தொடங்கி, 2018இல் அமெரிக்கா சென்றார். பதினாறு வயதுச் சிறுவன் முதிர்ந்த வீரரோடு நாள்தோறும் மோதிப் பழகுவது பெரும்பயன் தருவது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் லீக் போட்டிகளும், பல்லாண்டு நிலைத்த சங்கங்களும் உள்ள நாட்டிற்கே அது பொருந்தும். நம் நாட்டில் 2015இல் தொடங்கிய தனியார் லீக் ஒன்று 2017உடன் ஓய்ந்தது. பின்னரும் சில முயற்சிகள் எழுந்துள்ளன. அவை வேரூன்றுக என வாழ்த்துகின்றோம். எனினும் வேரூன்றாத மரத்தின் நிழலை நம்பி வீட்டைத் துறத்தல் அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது, பள்ளி, கல்லூரி, உத்தியோகம் என்னும் நம் நாட்டு வழி. மாவட்ட அணியில் ஆடி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்பெற்று, ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பெற்று, அவ்வலுவலக அணிக்கும் நாட்டிற்கும் ஆடுவது இது. இதன் மாட்சிக்குச் சான்று சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அவர்கள். தென்னக ரயில்வேயில் பணியாற்றியவாறே இந்திய மகளிர் அணியில் பல்லாண்டு ஆடித் தலைமையும் தாங்கினார்; தாய்மையடைந்த பின்னரும் களத்திற்குத் திரும்பினார்; 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கோடி கோடியாகப் பணம் அவ்வழியில் இல்லை. ஆயினும் முழங்கால் முறிந்தாலும் மாதச் சம்பளம் முறியாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் தனித்தங்கம் வென்ற குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டவரன்றோ? 2024இல் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆயினாரன்றோ?" என்பர். உண்மையே. இக்கடற்கரையில் பெற்றோர் பலர் உள்ளத்தில் அவ்வெடுத்துக்காட்டு ஆழப் பதிந்துள்ளது. ஆனால் சதுரங்கத்தில் ஒரு சிறுவனின் வலிமையை எண்ணால் அளந்து பத்து வயதிலேயே உலகத்தாரோடு ஒப்பிடலாம். கூடைப்பந்திலோ உயரம் எப்பொழுது நிற்குமென்று எவரும் அறியார். குதித்து இறங்கும் மூட்டு எப்பொழுது தளருமென்றும் அறியார். ஒன்றில் பொருந்திய துணிவு மற்றொன்றில் துணிவாகாது, சூதாகும்.

எனவே கல்லூரி வழியே பெரும்பாலார்க்கு ஏற்றது என்பது எம் துணிபு. ஆனால் இத்துடன் நிறுத்தின் யாம் பாதி உண்மையே கூறியவராவோம். கல்லூரி வழி நல்லதென்று உரைக்கும் நாம், அவ்வழியை நல்லதாக வைத்திருக்கின்றோமா? உயர்ந்த பிள்ளையைக் கோப்பைக்காகச் சேர்த்து, வருகைப் பதிவேட்டில் தாராளம் காட்டி, தேர்வில் அவன் தோற்றபின் "அவன் விளையாட்டுக்காரன்தானே" என்று கைவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மூன்றாண்டுகளின் முடிவில் அவன் கையில் பட்டமும் இல்லை, லீக் ஒப்பந்தமும் இல்லை. செய்தித்தாள் துண்டுகளே உள. பயிற்சி நிலையத்தார் காட்டும் ஆசை பொய்யாயின், இத்தகைய கல்லூரி காட்டும் ஆசையும் பொய்யே.

ஆகையால் நம் கல்லூரிக்கு நான்கு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒன்று, போட்டிக்குச் சென்ற நாட்களின் பாடங்களை அம்மாணவர்க்கு மாலையில் மீண்டும் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்துக. இரண்டு, ஆட்டத்தில் அடிபட்டவர்க்கு மருத்துவச் செலவைக் கல்லூரியே ஏற்க. மூன்று, உண்மையான அழைப்பு வரப்பெற்றவர்க்கு ஓராண்டு விடுப்பளித்து, திரும்பினால் அவர் இடம் அவருக்கே என்று எழுத்தில் உறுதி கூறுக. நான்கு, அழைப்பைக் கொணர்பவரிடம், செலவு யாருடையது, படிப்பு எங்கே, காயம்பட்டால் பொறுப்பு யாருடையது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்னும் வினாக்களைப் பெற்றோர் சார்பில் கல்லூரியே கேட்க. இவற்றிற்கு எழுத்தில் விடை தருபவரோடு அனுப்பலாம். வாய்மொழி மட்டும் தருபவரோடு அனுப்பலாகாது.

அத்தந்தையாருக்கு யாம் கூறியதும் இதுவே. அந்நான்கு வினாக்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை வந்தவரிடம் காட்டினார். விடை இன்றளவும் வரவில்லை. பிள்ளை நம் களத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றான்.

மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் முற்றுப்பெறாது நிற்பதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். பாதியில் உளி நின்றபோதிலும் கல்லுக்குத் துன்பமில்லை; ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அதனைக் காண்பார் வருவர். பாதியில் விடப்பட்ட இளைஞனைக் காண எவரும் வாரார். அவனைப் போக வேண்டாமென்று தடுத்தவர் நாம்; ஆகவே தொடங்கியதை முடித்துக் கொடுக்கும் கடன் இப்பொழுது நம்முடையது.