குறுகிய வழியும் நல்ல வழியும்



இலண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் எவ்வழியே செல்லும்? பள்ளி நிலப்படத்தில் இரு நகரங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, இதுவே வழி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் உலகம் உருண்டை, தாளோ தட்டை. உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து செல்வதைக் காண்பீர்கள்.

ஆயினும், குறுகிய வழியே விரைவான வழி என்று முடிவு செய்தலாகாது. வட அட்லாண்டிக் பெருங்கடலுக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். இதன் இடமும் வேகமும் நாளுக்கு நாள் மாறும். கிழக்கே வரும் விமானி இதன் துணையை நாடுவார். மேற்கே செல்பவர் இதனை விட்டு விலகிச் செல்வார். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று 5 மணி நேரத்திற்கும் குறைவாகவே இலண்டன் வந்து சேர்ந்தது!

ஆகவேதான் ஸ்காட்லாந்திலுள்ள பிரெஸ்ட்விக், கனடாவிலுள்ள காண்டர் ஆகிய கட்டுப்பாட்டு நிலையங்கள் காற்றின் போக்கைக் கணித்து, அக்கடலின் மேல் நாள்தோறும் புதிய பாதைகளை வகுக்கும் வழக்கம் உண்டாயிற்று. நடுக்கடலுக்கு ராடார் எட்டாது. எனவே விமானங்களுக்கிடையே பெரும் இடைவெளி தேவைப்பட்டது. கருவிகள் நுட்பம் பெற்றபின், 1997-இல் அங்கே மேலுக்கும் கீழுக்குமான இடைவெளி 2,000 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. 2019-இல் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பும் வந்தது. இதனால் கூடுதலான விமானங்கள் தமக்கேற்ற உயரத்தில் பறந்து எரிபொருளை மிச்சப்படுத்த முடிகிறது. இது பணத்தை மட்டும் பொறுத்ததன்று. ஒரு கிலோ விமான எரிபொருள் எரியும்போது, காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்வதால், 3 கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயு வெளிப்படுகிறது.

எனினும் சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம், போர் நடந்துகொண்டிருந்த கிழக்கு உக்ரைனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. குழந்தைகள் உட்பட 298 பேர் மாண்டனர். அங்கே 32,000 அடிவரை வான்வெளி மூடப்பட்டிருந்தது. விமானம் பறந்ததோ 33,000 அடியில். விதி எதுவும் மீறப்படவில்லை. அன்று வேறு பல விமானங்களும் அவ்வழியே சென்றன. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதும், ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்லவே!

2022-இல் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒருவர் விமானத்தை மற்றவர் தம் வான்வெளியில் அனுமதிக்க மறுத்தபின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல, ஏறக்குறைய 9 மணி நேரப் பயணம் 13 மணி நேரமாயிற்று. மனிதரிடையே மூளும் பகைக்கு வானமும் எரிபொருளும் கூட விலை கொடுக்கின்றன.

எனவே, அன்பர்களே, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ ஏறிய விமானம் சுற்றிச் சென்று தாமதமாக இறங்கினால், முணுமுணுக்குமுன் சற்றே எண்ணிப் பாருங்கள். காற்றையும் புயலையும் போரையும் கணக்கிட்டு, யாரோ ஒருவர் உங்களுக்காக அந்த நீண்ட வழியைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். வீட்டில் காத்திருப்போருக்கு வேண்டியது, விமானம் விரைந்து வருவதன்று. நீங்கள் வந்து சேர்வதே அன்றோ?