கம்ப்யூட்டருக்குள்ளும் குத்தகை!

தேனி மில்லில் நூல் நூற்கும் தோழருக்கும், மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் சகோதரிக்கும் கம்ப்யூட்டர் லைசென்ஸைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு என்கிறோம் நாம். ரேஷன் கார்டு, பட்டா, பி.எப். கணக்கு எல்லாம் இன்று கம்ப்யூட்டரில். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலமும் கம்ப்யூட்டரில்தான். அதற்குக் குத்தகை வாங்குபவன் யார் என்று நாம் அறிய வேண்டாமா?

விஷயம் இதுதான். சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள்ளேயே, மென்பொருளின் உதவியால் பத்துக் கம்ப்யூட்டர்களை உண்டாக்கலாம். ஒரே வீட்டில் தட்டி கட்டிப் பல குடித்தனம் வைப்பது போல. மெய்நிகர் கம்ப்யூட்டர் என்பது இதுவே. 2014ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘மேகராஜ்’ இம்முறையில்தான் இலாகாக்களுக்குக் கம்ப்யூட்டர் வழங்குகிறது. இயந்திரம் மிச்சம், மின்சாரம் மிச்சம். இந்த விஞ்ஞானத்தை வரவேற்கிறோம்.

ஆனால் மிச்சம் யார் மடியில் விழுகிறது? ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். மைக்ரோசாப்ட் கம்பெனியின் விதியைப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸின் வழக்கமான முறையில், இயந்திரத்தின் ‘கோர்’கள் அத்தனைக்கும் பணம் கட்ட வேண்டும். எட்டே இருந்தாலும் 16க்குக் கட்டணம். அதற்குக் கிடைப்பது இரண்டு குடித்தனம். மூன்றாவது வேண்டுமானால் எல்லாக் கோருக்கும் மறுபடி பணம்! நிலத்தைக் காட்டி வாரம் வாங்கினான் பண்ணையார். இவனோ உழவனின் மாட்டை எண்ணி வாரம் கேட்கிறான்.

கட்டிய பின்னும் அது சொந்தமாவதில்லை. உபயோகிக்க அனுமதி மட்டுமே. இத்தகைய மெய்நிகர் கம்ப்யூட்டர்களை உண்டாக்கும் விஎம்வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் சுமார் 6,900 கோடி டாலருக்கு விழுங்கியது. மறு மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. வெள்ளைக்காரன் 1886ல் எழுதிய பெரியாற்றுக் குத்தகைக்குக்கூட 999 வருஷக் கெடு உண்டு. இந்தக் குத்தகையின் கெடுவோ முதலாளியின் இஷ்டம்!

2025 ஜூலையில் ரஷ்யப் பங்குள்ள நயாரா எண்ணெய்க் கம்பெனி மீது ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. பணம் முழுதும் கட்டியிருக்கிறோம் என்று நயாரா டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகே சேவை திரும்பியது. பெருங்கம்பெனிக்கே இக்கதி என்றால், நாளை நம் ரேஷன் கணக்குக்கு என்ன உத்தரவாதம்?

மாற்று வழி இருக்கிறது. லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் எத்தனை குடித்தனம் வைத்தாலும் லைசென்ஸ் கட்டணம் இல்லை. சி-டாக் ஸ்தாபனத்தின் ‘பாஸ்’ லினக்ஸ் நம்மிடமே உள்ளது. குமுளிக்கு அப்பால் கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் கற்பிக்கின்றன. பராமரிக்க ஆளும் சம்பளமும் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் அந்தச் சம்பளம் அமெரிக்கா போகாது. படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

எனவே நாம் கோருகிறோம்: லைசென்ஸுக்குச் செலவாகும் மக்கள் பணம் எவ்வளவு என்பதைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் என்ற 2015ம் வருஷத்து மத்திய சர்க்கார் கொள்கை, ஏட்டோடு நிற்காமல் அமலாக வேண்டும். நம் பள்ளிகளிலும் அதைக் கற்பிக்க வேண்டும்.

உழுபவனுக்கே நிலம் என்று முழங்கியவர்கள் நாம். மக்கள் பணத்தில் வாங்கிய இயந்திரத்துக்கு அந்நிய முதலாளி வாரம் வசூலிப்பதையும் அனுமதியோம்!